ஒண்ணாம் ஸ்டேஜ்தானே?

போன வாரம் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போக வேண்டியிருந்தது. பி.பி.ஓ. புத்தகத்தைத் தேடி பீரோவைக் குடைந்ததில் ஒரு பச்சை ஃபைல் கையில் வந்தது. உள்ளே இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி. ஒன்று என்னுடையது, 2003. இன்னொன்று என் மகளுடையது, 2019. இரண்டிலும் ஒரே நோயின் பெயர்தான்: எண்டோமெட்ரியோசிஸ். என்னுடையதில் பக்கத்தில் நான்காம் ஸ்டேஜ் என்று போட்டிருக்கிறது. அவளுடையதில் முதல் ஸ்டேஜ்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நான் என் மகளுக்குச் செய்த ஒரு தப்பைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். ஆண்களும் படிக்கலாம். படித்தால் நல்லது.

நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. கருப்பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் ரத்தமாக வெளியேறுவது அதுதான். அதே மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ, வயிற்றின் உள்சுவரிலோ, குடல் பக்கத்திலோ முளைத்தால் அதற்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். அந்தத் திசுவும் ஹார்மோனுக்கு ஏற்ப ஆடும், கசியும். ஆனால் கசிவதற்கு வெளியே போக வழி இல்லை. உள்ளேயே புண்ணாகி, தழும்பாகி, பக்கத்து உறுப்புகளைப் பசை போட்ட மாதிரி ஒட்ட வைத்துவிடும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் அதைத்தான் டாக்டர்கள் சாக்லேட் கட்டி என்கிறார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். உருக்கிய சாக்லேட் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர்.

இனி என் கதை. 2003-ல் எனக்கு 43 வயது. சிறுநீரில் எரிச்சல் என்று போய், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்த ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தபோது படுக்கை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துச்சு. ரெண்டு சினைப்பையும் கருப்பைக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாலாவது ஸ்டேஜ். எப்படித் தாங்குனீங்க?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் தாங்கவில்லை. அதுதான் உண்மை. மாதத்தில் முதல் நாள் கொஞ்சம் வயிறு இழுக்கும், இடுப்பு கடுக்கும். ஒரு சுக்குக் காப்பியோடு போய்விடும். அதற்காக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. மூத்தவன் பிறந்து ஏழு வருஷம் கழித்துத்தான் இவள் பிறந்தாள். நடுவில் எத்தனையோ கோயில், எத்தனையோ டாக்டர். அந்த இடைவெளிக்கு இந்த நோய் காரணமாக இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வலி என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால் "எப்படித் தாங்குனீங்க" என்ற அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மெடல் மாதிரி. ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நாலாவது ஸ்டேஜோடு 19 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான் என்று. தாங்கியதாக நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் வலி ஆரம்பித்தது. முதல் நாள் வாந்தி எடுப்பாள். கட்டிலில் படுக்காமல் தரையில் முழங்காலை மடக்கிக் குப்புறக் கிடப்பாள். வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தேன், பெருஞ்சீரகத் தண்ணீர் கொடுத்தேன், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன். அதெல்லாம் அன்போடுதான் செய்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு வாக்கியமும் கொடுத்தேன்: "எழுந்து நாலு எட்டு நடந்தா சரியாப் போயிடும். எங்களுக்கெல்லாம் வரலையா?"

பிளஸ் டூவில் இயற்பியல் செய்முறைத் தேர்வன்று பேருந்து நிறுத்தத்திலேயே மயங்கி விழுந்தாள். அப்போது காட்டிய ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "நார்மல். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு விஷயம் இன்று உறுத்துகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால் மகளுக்கு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். என் டிஸ்சார்ஜ் சம்மரி அப்போதும் இதே பீரோவில்தான் இருந்தது. நானும் எடுத்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்குப் பெரிய வலி இல்லாததால், வலிக்கும் அந்த நோய்க்கும் என் மனதில் முடிச்சே விழவில்லை.

அப்புறம் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங், சென்னையில் வேலை. 2019-ல், அவளுக்கு 27 வயதில், அவளாகவே ஒரு டாக்டரைத் தேடிப் போய் லேப்ராஸ்கோபி வரைக்கும் வந்துவிட்டாள். தொப்புள் பக்கத்தில் சின்னத் துளை போட்டு கேமராவை விட்டுப் பார்ப்பது. வலி தொடங்கி 13 வருஷம் கழித்து. பல நாடுகளிலும் இந்த நோயைக் கண்டுபிடிக்க 7, 8 வருஷம் ஆவது சாதாரணம் என்று பிறகு படித்தேன். நாங்கள் அதையும் தாண்டிவிட்டோம்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வந்து சொன்னார், "எண்டோமெட்ரியோசிஸ்தான். ஸ்டேஜ் ஒன். சின்னச் சின்னப் புள்ளிகள், சுட்டு எடுத்துட்டோம்."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்துக்கொண்டே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஒண்ணாம் ஸ்டேஜ்தானே? எனக்கு நாலு இருந்துச்சு டாக்டர்."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் என்னிடம் வலி என்ற சொல்லையே சொல்லவில்லை. சரியாகிவிட்டது போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கொரோனா வந்ததும் வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்தாள். ஒரே வீட்டில் இருந்தால் எதையும் மறைக்க முடியாதே. ராத்திரி இரண்டு மணிக்கு சுடுதண்ணீர்ப் பைக்காக அடுப்பைப் பற்ற வைக்கிற சத்தம் கேட்கும். நான் எழுந்து போனால், "ஒண்ணும் இல்லம்மா, நீ தூங்கு" என்பாள். ஒருநாள் அவள் மேஜையைத் துடைக்கும்போது ஒரு கோடு போட்ட நோட்டைப் பார்த்தேன். திறந்தது தப்புதான். கட்டம் கட்டமாகத் தேதி. ஒவ்வொன்றிலும் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். 3, 2, 8, 9, 9, 8, 6. பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு: மலம் கழிக்கும்போது 9. உட்கார முடியவில்லை. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் எண்கள் இறங்கியிருந்தன. அப்புறம் மெல்ல மெல்ல ஏறியிருந்தன.

34 வருஷம் எண்களை நம்பிச் சோறு தின்றவள் நான். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரே குழப்பம். ஒன்று என்று டாக்டர் போட்டிருக்கிறார், ஒன்பது என்று இவள் போட்டிருக்கிறாள். இதில் எது பொய்?

2021-ல் அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். மகளுக்கு அதில் இஷ்டமில்லை. டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஸ்டேஜை எப்படிப் போடுறீங்க?" அவர் நல்ல மனுஷி. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு கோடு கிழித்துக் காட்டினார்.

அது ஒரு மார்க் ஸ்கீம், நண்பர்களே. அசல் பத்தாம் வகுப்பு விடைக்குறிப்பு மாதிரி. கேமராவில் எது தெரிகிறதோ அதற்கு மார்க். வயிற்றின் உள்சவ்வில் மேலோட்டமாக ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான புள்ளி என்றால் 1 மார்க். ஆழமாகப் போயிருந்தால் 2. சினைப்பையில் ஆழமான கட்டி, ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் என்றால் ஒரேயடியாக 16. மூன்றுக்கு மேல் போனால் 20. உறுப்புகள் ஒட்டியிருந்தால் அதற்குத் தனி மார்க், மெல்லிய ஒட்டுக்குக் குறைவு, கெட்டி ஒட்டுக்கு அதிகம். கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது முழுசாக மூடிக்கொண்டால் அதற்கு மட்டுமே 40. எல்லாவற்றையும் கூட்டி 5 வரை வந்தால் முதல் ஸ்டேஜ், 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 40 வரை மூன்று, 40-ஐத் தாண்டினால் நான்கு.

எனக்கு இரண்டு பக்கமும் பெரிய கட்டி. அதற்கே 20-ம் 20-ம். ஒட்டியதற்கெல்லாம் தனி. எனக்கு நாற்பதைத் தாண்டிப் போயிருக்கிறது. மகளுக்கு மொத்தம் 4.

கவனித்தீர்களா? அந்தத் தாளில் வலி என்று ஒரு கட்டம்கூட இல்லை. எத்தனை நாள் வலிக்கிறது, எங்கே வலிக்கிறது, வாந்தி வருகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, எதற்கும் மார்க் கிடையாது. நான் வாயைத் திறந்து, "வலிக்கு எங்க டாக்டர்?" என்றே கேட்டுவிட்டேன். மகள் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வலிக்கு இடம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த முறையைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கக் கருவுறுதல் சங்கத்தார். 1979-ல் முதலில் போட்டார்கள், 1985-ல் திருத்தினார்கள். 1996-ல் மறுபடி திருத்தியபோது சங்கத்தின் பெயரே அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் என்று மாறியிருந்தது. பெயரிலேயே தெரிகிறதல்லவா, அவர்கள் கவலை பிள்ளைப்பேறு. சினைப்பையும் குழாயும் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதற்கு அள்ளி மார்க் போட்டது அதனால்தான். வலியை அளக்க வைத்த பரீட்சையே இல்லை அது. கணக்குப் பேப்பர் மார்க்கை வைத்து ஒரு பிள்ளைக்குப் பாட வருமா என்று முடிவு கட்டினால் எப்படி? அதைத்தான் நான் செய்திருக்கிறேன். இத்தனைக்கும் பிள்ளைப்பேறு விஷயத்திலும் இந்த மார்க்கை மட்டும் வைத்து ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், 2010-ல் அதற்கென்று வேறொரு அளவுகோல் வந்துவிட்டது. ஒரே வயிற்றை இரண்டு சர்ஜன்கள் பார்த்தால் மார்க் வித்தியாசப்படுவதும் உண்டாம். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வலிக்கும் ஸ்டேஜுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியில் மிலான் நகரத்து மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்து 2007-ல் எழுதினார்கள். ஸ்டேஜுக்கும் வலியின் கடுமைக்கும் இருந்த தொடர்பு மிகக் கொஞ்சம், அதுவும் ஒரே சீராக இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? டாக்டர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். அந்தப் புள்ளிகள் சும்மா கிடப்பதில்லை. சுற்றிலும் அழற்சியை உண்டாக்குகின்றன, புராஸ்டாகிளாண்டின் என்ற வலி தூண்டும் ரசாயனத்தைச் சுரக்கின்றன. அவற்றுக்குள்ளேயே புது நரம்பு இழைகள் வளர்கின்றன. அளவைவிட இடம் முக்கியம். என் மகளுக்கு இருந்த புள்ளிகளில் ஒன்று, கருப்பையைப் பின்பக்கம் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு பிடித்து வைத்திருக்கிற தசைநாரில், கொஞ்சம் ஆழமாக இருந்தது. நரம்புகள் நிறைய ஓடுகிற இடம். மலக்குடலுக்கும் பக்கம். மார்க் ஸ்கீமில் அதற்கு 2. நோட்டில் 9. சினைப்பையில் பெரிய கட்டி இருந்தும் வலியே தெரியாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. நானே சாட்சி.

இன்னொன்றும் சொன்னார். வருஷக்கணக்கில் வலியிலேயே இருந்தால் நரம்பு மண்டலமே அதற்குப் பழகிக் கூர்மையாகிவிடுமாம். சின்னத் தூண்டலுக்கும் பெரிய வலி. புள்ளியைச் சுட்டு எடுத்த பிறகும் வலி மிச்சம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த 13 வருஷம் வரிசையாகக் கண்முன் வந்தது. வெந்தயமும் நாலு எட்டு நடையும்.

ஸ்டேஜ் என்ற சொல்லே நம் ஊரில் ஒரு தொல்லை. அதைக் கேட்டதும் எல்லோருக்கும் புற்றுநோய்தான் ஞாபகம் வருகிறது. 2003-ல் என் நாத்தனார் நாலாவது ஸ்டேஜ் என்று கேள்விப்பட்டு ஒப்பாரியே வைத்துவிட்டார். இது புற்றுநோய் இல்லை. ஒன்று முற்றி இரண்டாகி, இரண்டு முற்றி மூன்றாகும் என்ற கட்டாயமும் இல்லை. சிலருக்கு வளர்கிறது, சிலருக்கு வருஷக்கணக்கில் அப்படியே இருக்கிறது, சிலருக்குக் குறைந்தும் போகிறது. அதனால் "ஒண்ணாம் ஸ்டேஜ்" என்றால் நோய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. என் மகளுக்குப் பதின்மூன்று வருஷப் பழைய ஒன்று அது.

ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லை என்பதும் சரியல்ல. கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். சவ்வின் மேல் ஒட்டியிருக்கிற சின்னப் புள்ளி பெரும்பாலும் தெரியாது. அதற்காக எல்லோரும் உடனே லேப்ராஸ்கோபிக்கு ஓட வேண்டியதும் இல்லை. 2022-ல் ஐரோப்பிய மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம், கேமரா விட்டுப் பார்ப்பது அதற்கு அடுத்த கட்டம் என்று சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு இப்போது டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடையில் போய் நேராகக் கேட்டுவிடாதீர்கள். கல்யாணமும் குழந்தையும் இதற்கு மருந்து இல்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். இரண்டு பெற்ற பிறகுதானே எனக்கு நாலாவது ஸ்டேஜ் என்று தெரிந்தது!

எழுத வேண்டாம் என்று நினைத்த ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

1998 வாக்கில் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம். மாதம் ஒருநாள், சில சமயம் இரண்டு நாள் வரமாட்டாள். வந்தால் பெஞ்சில் கவிழ்ந்து கிடப்பாள். அவள் அம்மாவை வரச் சொன்னேன். பீடி சுற்றுகிற கையோடு வந்து, "வயித்து வலிங்க டீச்சர், துடிச்சிப் போயிடுது புள்ள" என்றார். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதாம்மா, செல்லம் குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அரையாண்டுக் கணக்குத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். 27 மார்க். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பேப்பரை நீட்டியபோது நான் சொன்ன வார்த்தை "நடிப்பு". அவளுக்கு இந்த நோய் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை.

உலகத்தில் குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் சுமார் 10 சதவீதம், 19 கோடிப் பேர், இந்த நோயோடு இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்பது பேர் வகுப்பில் நாலு பேர் என்று நேராகக் கணக்குப் போட்டுவிடக் கூடாது. எல்லோருக்கும் பள்ளி வயதிலேயே தொடங்குவதில்லை. ஆனாலும் 34 வருஷத்தில் என் முன்னால் உட்கார்ந்து எழுந்த பெண்களை நினைத்தால் அது சின்ன எண்ணாக இருக்க முடியாது. புதுயுகம் திட்டத்தில் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கத் தொடங்கினோம். நல்ல திட்டம். நான்தான் எங்கள் பள்ளியில் பொறுப்பாசிரியை. எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை கொடுத்தோம் என்று பதிவேடு சுத்தமாக வைத்திருந்தேன். கொடுக்கும்போது யாருக்காவது வலி தாங்க முடியவில்லையா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போது சேவைப் பணியில் இருக்கிற ஆசிரியர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதாமாதம் ஒரே மாதிரித் தேதியில் வராமல் போகிற பெண் யார் என்று வருகைப் பதிவேட்டிலேயே தெரியும். அந்த அம்மாவைக் கூப்பிட்டால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள்.

மகள் இப்போது மறுபடி சென்னையில். நோட்டு போய் போனில் ஏதோ ஆப் வந்துவிட்டது. பெரும்பாலும் மூன்று, நான்கு என்று ஓடுகிறது. சில நாள் ஏழு. காலையில் போன் பண்ணி, "அம்மா, இன்னிக்கு ஏழு" என்பாள். நான் வெந்தயம் சொல்வதில்லை. "லீவு போட்டியா, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்பேன்.

இதைப் போடலாமா என்று நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "போடு, ஆனா ஒரு திருத்தம்" என்றாள். ஆஸ்பத்திரியில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பியது என் பேச்சுக்காக இல்லையாம். அந்தப் பக்கம் படுத்தால்தான் தையல் இழுக்காமல் இருந்ததாம்.

"அப்புறம் ஏன்டி ரெண்டு வருஷம் ஒண்ணும் சொல்லல?" என்றேன்.

"அது உன் பேச்சுக்காகத்தான்" என்றாள்.